மலை செய்த அலை

ஹாமில்டனில் கடல் கிடையாது. நியூசிலாந்து என்றவுடன் ஊரில் உள்ளவர்கள் மனதில் எழும் படத்தில் ஒரு பக்கம் பனிமலையும் மறுபக்கம் நீலக்கடலும் இருக்கும். நான் முதுகலை படிக்க வந்து சேர்ந்த ஊரில் இருப்பவை புல்வெளி, பால்மாடு, நகரை இரண்டாகப் பிளந்து ஓடும் வைக்காட்டோ ஆறு, குளிர்காலத்தில் காலை பத்து மணிவரை விலகாத மூடுபனி. “கடற்கரைப் படம் அனுப்பு” என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டுக் கேட்டு என் சித்தப்பா ஓய்ந்துபோனார். கடலைப் பார்க்க வேண்டுமானால் 23-ஆம் எண் பஸ்ஸில் ஏறி மேற்கே 48 கிலோமீட்டர் போக வேண்டும். மலைத்தொடர் ஒன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறி இறங்கினால் ராக்லன்.

சில ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர். பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் அதன் பெயர் ஃபாயிங்காரோவா. ராக்லன் என்பது கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய பிரபுவின் பெயர். அவர் இந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. கடைத்தெருவின் நடுவே ஈச்சமரச் சாதியைச் சேர்ந்த பருத்த பனைகள் வரிசையாக நிற்கின்றன. மளிகைக்கடையில் பெரியவர்களும் குழந்தைகளும் செருப்பில்லாமல் பால் வாங்குகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது யாரோ வேண்டுதல் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அங்கே உள்ள பள்ளியில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கடலைப் பார்த்துப் படிக்காமல் இருந்ததற்காக அடி வாங்கிய தலைமுறைகளில் வந்தவனுக்கு இதை ஜீரணிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

எனக்குக் கடல் தெரியாது. நாமக்கல்காரன். எங்களுக்குத் தெரிந்தவை லாரியும் கோழிப்பண்ணையும். தண்ணீர் என்றால் மோகனூரில் காவிரி, அதை விட்டால் தோட்டத்துக் கிணறு. இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டி மாமா மேலிருந்து தள்ளிவிட, கிணற்றில் விழுந்துதான் நீந்தப் பழகினேன். கடல் என்பது சென்னைக்குப் போகும்போது பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக் கால் நனைக்கும் இடம். அலை முழங்காலைத் தாண்டினால் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும். ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறதாம். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பையன்களின் ஜாதகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

என்னைக் கிளப்பியவர் எங்கள் வாடகை வீட்டில் அடுத்த அறையில் இருந்த அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், பூர்வீகம் மயிலிட்டி. கரையோர அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அலை மணலை எப்படி நகர்த்துகிறது, மணல் அலையை எப்படி மாற்றுகிறது என்பது அவருடைய பொருள். எனக்கோ கணினித் துறை. வாரத்தில் 20 மணி நேரம் வேலை பார்க்க மாணவர் விசாவில் அப்போது அனுமதி. அந்த இருபதில் பெரும்பகுதி ஒரு பெட்ரோல் நிலையத்தின் கல்லாவில் கழிந்தது. 2025 மார்ச்சில் ஒரு வாரக் கடைசியில் வேலை இல்லாமல் போனதும் அக்கா பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீர் நீந்துவீர்தானே?”

“கிணற்றில் நீந்துவேன் அக்கா.”

“கிணற்றுத் தண்ணீர் உம்மை இருந்த இடத்திலேயே விட்டு வைக்கும். கடல் விடாது. வாரும், காட்டுகிறேன்.”

வியாழக்கிழமை இரவே மடிக்கணினியில் அலை முன்னறிவிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். எல்லோரையும் போல நான் பார்த்தது அலையின் உயரத்தை. அவர் விரல் வைத்துக் காட்டியது அதற்குப் பக்கத்தில் இருந்த எண்ணை: 14 விநாடி. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கழியும் நேரம் அது. இந்த ஒற்றை எண்ணிலிருந்து அவர் ஒரு முழுக் கதையை உருவினார். உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை ஐந்து, ஆறு விநாடிக்கு ஒன்றாகச் சலசலவென்று வரும். 14 விநாடி என்றால் அது தொலைவிலிருந்து வருவது. டாஸ்மேனியாவுக்குத் தெற்கே, அண்டார்க்டிக்கா பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும் புயல்களில் ஒன்று புதன்கிழமை அனுப்பி வைத்தது, சனிக்கிழமை ராக்லனில் இறங்கும். ஆழ்கடலில் அப்படிப்பட்ட ஒவ்வோர் அலையும் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் அலைக்கூட்டம் மொத்தமாக நகர்வது அதில் பாதி வேகத்தில்தான். கூட்டத்தின் முன்வரிசை அலை கரைந்து மறைய, பின்வரிசையில் புதியது முளைத்துக்கொண்டே வரும்.

“இதைத்தானே உங்கள் கன்னியாகுமரிப் பக்கம் கள்ளக்கடல் என்று சொல்கிறார்கள்?” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. கள்ளக்கடல் எச்சரிக்கை என்று செய்தியில் படித்திருக்கிறேன். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் துடைத்து விட்டது போல இருக்கும். கடல் மட்டும் திடீரென்று எழும்பிக் கரைக்குள் வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த புயலின் அலை சில நாள் கழித்து நம் கரையைத் தொடுவது அது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தபோது அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ராக்லனில் அதே வகை அலைக்காக ஆட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒரு கரையில் எமன், மறுகரையில் விருந்தாளி. ஏன் என்று கேட்டேன். “சனிக்கிழமை அதன் அடியில் என்ன கிடக்கிறது என்று பாரும்” என்று மடிக்கணினியை மூடிவிட்டார்.

வெள்ளி மாலை பஸ்ஸில் எங்களைப் போன்ற மாணவர்கள்தான் அதிகம். விடுதியில் எட்டுக் கட்டில் போட்ட அறை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டுப் பேரில் ஒருவர் குறட்டை விட்டார், மற்ற ஏழு பேரும் அவரை வெறுத்தோம்.

காலையில் அலைச்சறுக்குப் பயிற்சிப் பள்ளியின் வேன் வந்து ஙாருநுயி கடற்கரைக்கு அழைத்துப் போனது. மேட்டிலிருந்து பார்த்தால் நீளமான கருப்பு. மணலே கருப்பு. தெற்கே தாரனாக்கி எரிமலையிலிருந்து அரித்து வந்த இரும்புக் கனிமத்தைக் கரையோர நீரோட்டம் வடக்கே தள்ளிக்கொண்டு வந்து இந்த மேற்குக் கரை நெடுகக் கொட்டியிருக்கிறது. இதே வகை மணலைத் தோண்டியெடுத்து உருக்கித்தான் ஆக்லாந்துக்குத் தெற்கே கிளென்புரூக்கில் எஃகு செய்கிறார்கள். மார்ச் வெயிலில் அந்த மணலில் வெறுங்காலோடு பத்தடி நடந்தால் போதும், நடை தானாகவே ஓட்டமாகிவிடும். பாட்டுக் கேட்கக் காதுக்குள் வைக்கும் இயர்பட்ஸின் சின்னப் பெட்டியை மணலில் வைத்துவிட்டு எடுத்தேன். மூடியில் காந்தம் இருக்கும் இரண்டு இடத்தில் மட்டும் கருப்பாக மயிர் முளைத்திருந்தது. விரலால் வழித்தால் போகவில்லை. ஒவ்வொரு துகளும் நிமிர்ந்து நின்று திரும்பவும் ஒட்டிக்கொண்டது. சிறுவயதில் உடைந்த ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைப் பிடுங்கித் தெருப்புழுதியில் இழுத்து இரும்புத்தூள் சேர்த்த எவனும் இதைக் கண்டு சும்மா இருக்க மாட்டான். வகுப்பு தொடங்கும்வரை பெட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். இடதுபக்கக் கருவி இன்றுவரை கரகரக்கிறது.

குளிர்ந்த தண்ணீருக்காக உடலோடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டை அணிவது தனிக் கலை. ஈரமான ரப்பருக்குள் ஈரமான காலை நுழைத்து, முழங்காலில் சிக்கி, ஒற்றைக்காலில் குதித்து, முதுகுப்பக்கம் ஜிப்பை இழுக்க முன்பின் தெரியாதவரிடம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பயிற்சியாளன் இருபது வயதுப் பையன். பேசுவதற்கு முன் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து லேசாகத் தள்ளினான். தடுமாறும்போது எந்தக் கால் முன்னே போகிறதோ அந்தக் கால்தான் பலகையிலும் முன்னே. எனக்கு வலது கால் போனது. “கூஃபி” என்று சிரித்தான். பெரும்பாலானவர்களுக்கு இடதுகால் முன்னே வருமாம். “ராக்லன் உனக்காகவே கட்டியது” என்று வேறு சொன்னான். அது புரிந்தது மறுநாள்தான்.

அவன் முதலில் கற்றுத் தந்தது கடலைப் பார்க்க. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள். இடையில் மட்டும் உயிர்காப்பாளர்களின் கண். பிறகு கொடிகளுக்கு வெளியே கொஞ்சம் வடக்கே கை காட்டி, “குளிக்க இறங்குவதென்றால் எங்கே இறங்குவீர்கள்?” என்று கேட்டான். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரை பொங்கிக்கொண்டிருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் கருநீலமாக, நுரையில்லாமல், சாந்தமாக இருந்தது. எங்கள் குழுவில் எல்லோரும் அதைத்தான் காட்டினோம். அதுதான் ஆளைக் கொல்லும் இடம் என்றான். கரைக்கு வந்த தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். இரண்டு மணல்திட்டுக்கு நடுவே பள்ளம் இருந்தால் அதன் வழியாக ஆறாகப் பாய்ந்து வெளியே போகும். அங்கே ஆழம் அதிகம், அதனால் அலை உடைவதில்லை, அதனால் பார்வைக்கு அமைதி. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. உடலைத் தளர்த்தி மிதக்க வேண்டும், கையை உயர்த்திக் காட்ட வேண்டும், அது இழுத்துப் போகும் வழியில் போக வேண்டும். அலை உடையும் உடைகரையைத் தாண்டியதும் அதன் மூச்சு அடங்கிவிடும். நீச்சல் தெரிந்தவனே பெரும்பாலும் எதிர்த்து நீந்திக் களைத்துச் சாகிறான்.

“கடலை நம்பாதே, உள்ளே போகாதே” என்பதற்கு மேல் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் எனக்கு எதுவும் சொன்னதில்லை. தெரியாமல் அல்ல; குப்பங்களில் உள்ளவர்களைக் கேட்டால் நீரோட்டம், சுழி, மணல்மேடு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் சொல்வார்கள். கட்டுமரத்தை அலைக்குக் குறுக்கே செலுத்தி உடைகரையைக் கடந்தவர்கள் அவர்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இன்று அலைச்சறுக்கில் பெயர் எடுப்பவர்களில் பலர் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுடைய அறிவு பஸ் ஏறி நாமக்கல்வரை வரவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை. ராக்லனில் அதை ஒரு பலகையில் படம் போட்டு வாகன நிறுத்துமிடத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள்.

தண்ணீருக்குள் நடந்தது வழக்கமான கூத்து. ஒன்பதடிப் பஞ்சுப் பலகை, இடுப்பளவு ஆழம், கணுக்காலில் கட்டிய கயிறு. அலை வெளியே உடைந்து வெறும் நுரையாக உருண்டு வருவதைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். பலகையின் முன்பக்கம் அதிகம் படுத்தால் மூக்கு குத்தும். பின்னால் படுத்தால் நுரை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். மூக்கு வழியாகவும் காது வழியாகவும் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அக்கா தள்ளி, தனியாக, தன் பலகையில் உட்கார்ந்து மணல்திட்டை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். பிற்பகலில் ஒரு நுரை வந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் எழுந்திருந்தேன். பலகை காலடியில் இறுகி, கரை என்னை நோக்கி ஓடி வந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். கேட்டது: நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். தமிழில்.

கரையேறியதும் பயிற்சியாளன் கேட்காமலே ஒரு விஷயத்தைச் சொன்னான். அடிபட்டால் கவலைப்படாதே, இங்கே விபத்துக் காயத்துக்கு யாருடைய தவறு என்று பார்க்காமல் அரசு நிதியிலிருந்தே சிகிச்சை, வெளிநாட்டவருக்கும் சேர்த்து. ஆறுதலான நாடு. சிகிச்சையைப் பற்றி இவ்வளவு பேசுகிறானே என்றுதான் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

இரவு விடுதிச் சமையலறையில் ஹாமில்டனிலிருந்து கட்டி வந்த ரவையை உப்புமாவாக்கினோம். மற்றவர்கள் படகுத்துறையிலிருந்து வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்திருந்தார்கள்; எனக்குச் சனிக்கிழமை என்பதால் கவுச்சி இல்லை. அக்காவுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. மயிலிட்டிக்காரரிடம் மீன் வேண்டாம் என்று சொல்வதே அவமரியாதை. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவிடமிருந்து செய்தி. நான் அலையோடு நிற்கும் படத்துக்கு வாழ்த்து இல்லை. “சோழர்கள் நியூசிலாந்தை ஆண்ட ஆதாரம்” என்று ஒரு வெண்கல மணியின் படம். அந்த மணி உண்மையானதுதான். வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1836-இல் வடபகுதியில் ஃபாங்கரேய் அருகே பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது வெல்லிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. ஆனால் அதில் பொறித்திருப்பது சோழன் பெயர் அல்ல. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் எழுதியிருக்கிறது. ஒரு தமிழ் முசுலிம் வணிகக் கப்பலின் மணி உலகத்தின் இந்த மூலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதுவே போதுமான அதிசயம். இதற்குமேல் ராஜேந்திர சோழனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? சித்தப்பாவுக்கு இதை விளக்கி எழுதினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

ஞாயிறு காலை, விடுதியில் பழக்கமான ஒரு ஜெர்மன் பெண்ணின் பழைய வேனில் மனு பே போனோம். சர்ஃபிங் உலகில் ராக்லன் என்றால் இந்த இடம்தான். 1966-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில் இங்கே எடுத்த காட்சி வந்த பிறகு உலகத்தின் அலைப்பைத்தியங்கள் எல்லாம் இந்த ஊருக்கு வழி கேட்க ஆரம்பித்தன. இங்கே கடற்கரை என்று சொல்ல எதுவும் இல்லை. மணலுக்குப் பதில் கருங்கற்கள், ஆட்டுக்குட்டி அளவிலிருந்து அம்பாசடர் கார் அளவுவரை. பின்னால் காரியோய் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. 756 மீட்டர். 20 லட்சம் ஆண்டுக்கும் முன்னால் கக்கி முடித்து அணைந்துபோன எரிமலை. ஊரிலிருந்து பார்த்தால் மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணின் வடிவம் என்பார்கள். தலை எது, கால் எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அக்கா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, வியாழக்கிழமை மூடிவைத்த பாடத்தைத் தொடர்ந்தார். 14 விநாடி அலைக்கு ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு 300 மீட்டர் நீளம். அதில் பாதி, அதாவது 150 மீட்டர் ஆழத்துக்கு வந்தவுடனே அலைக்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கும். அதன் பிறகு அலையின் தலையெழுத்தை எழுதுவது தரை. ஆழம் குறையும் பக்கம் வேகம் குறையும், ஆழமான பக்கம் பழைய வேகத்தில் ஓடும். அதனால் அலை வளைந்து திரும்பும். தென்மேற்கிலிருந்து வரும் அலை காரியோயின் எரிகுழம்பு உறைந்து நீட்டிய முனையைச் சுற்றிக்கொண்டு உள்ளே திரும்புகிறது. மணல் கரையாக இருந்தால் திட்டு இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே. அலையும் அங்கங்கே பொத்தென்று உடையும். இங்கே கல் அசைவதில்லை. ஆகவே ஒரு முனையில் உடைய ஆரம்பித்த அலை அதே வரிசையில், அதே கோணத்தில், கரைக்குப் பக்கவாட்டில் உரிந்துகொண்டே போகிறது. வெளியே இண்டிகேட்டர்ஸ், அடுத்து வேல் பே, அடுத்து மனு பே என்று மலையின் காலடி நெடுக ஒன்றன்பின் ஒன்றாக முனைகள். எல்லாமே இடப்பக்கம் உடைபவை.

இடப்பக்கம் என்பது அலையின் மேல் கரையைப் பார்த்து நிற்பவனுக்கு. வலதுகாலை முன்வைத்து நிற்பவன் இடப்பக்கம் ஓடும்போது அலைச்சுவர் அவன் முகத்துக்கு நேரே இருக்கும். மற்றவர்கள் அதை முதுகில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். பயிற்சியாளன் ஏன் சிரித்தான் என்பது அப்போது விளங்கியது. இலங்கையின் அறுகம்குடாவில் இதே கதை தலைகீழாம்: அங்கே முனை வலப்பக்கம் உடைகிறது. “உம்முடைய காலுக்கு அது சரிவராது” என்றார் அக்கா, கல்யாணத் தரகரின் தோரணையில்.

வேடிக்கை பார்த்தாலே போதும் என்று இருந்தது. முதல்நாள் ஙாருநுயியில் என்னைக் குப்புறத் தள்ளிய அதே புயலின் அலைதான். இங்கே யாரோ சீப்பால் வாரிவிட்டதைப் போல வரிசை வரிசையாக வந்தது. நரைத்த தலை ஒன்று எங்கள் பார்வைக்கு எட்டும் தொலைவில் ஏறி, எங்களைக் கடந்து, படகு இறக்கும் துறைவரை நின்றுகொண்டே போய், இறங்கி, திரும்பத் துடுப்பாகக் கையைப் போட்டுக்கொண்டு போனது. தண்ணீருக்குள் ஓர் எழுதாத சட்டம் உண்டு: அலை முதலில் உடையும் இடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அலை அவருடையது. குறுக்கே புகுந்த ஒரு வெளியூர் இளைஞனுக்கு நரைத்த தலை என்னவோ சொன்னது. அவன் பலகையைத் திருப்பிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். நம் ஊர் ரேஷன் கடை வரிசையில்கூட இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு கிடைக்காது.

மாலை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஊருக்குத் திரும்பி நடைபாலத்தைத் தாண்டி தே கோபுவா பக்கம் போனோம். பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து பிள்ளைகள் கழிமுகத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கும் பூங்கா. அதை ஒட்டி, வேலிக்குப் பின்னால், நீளமாகச் செதுக்கிய வெறும் புல்தரை. காற்றுப்பை கட்டிய கம்பம். விமான ஓடுதளம்.

அக்காவுக்கு இந்த இடத்தின் கதை முன்பே தெரியும். அதற்காகவே அழைத்து வந்திருந்தார் என்று நினைக்கிறேன். இது தைனுயி ஆஃபிரோ என்ற மாவோரிக் குடியினரின் நிலம். இரண்டாம் உலகப்போரின்போது, 1941-இல், அவசர விமானத்தளம் வேண்டும் என்று அரசு எடுத்துக்கொண்டது. குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். போர் முடிந்தது; நிலம் திரும்பவில்லை. 1969-இல் அதில் ஒரு பகுதியைக் குழிப்பந்து (கோல்ஃப்) கழகத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். முன்னோரைப் புதைத்த இடத்தின் மேல் பந்தடித்தார்கள். அந்த மண்ணில் பிறந்த ஈவா ரிக்கார்ட் என்ற பெண்மணி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1978 பிப்ரவரியில் ஆட்டக்களத்துக்குள் புகுந்து போராடியதற்காக அவரையும் கூட இருந்தவர்களையும் போலீஸ் கைது செய்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 1980களில் அந்தக் குழிப்பந்துக் களத்தின் நிலம் திரும்பியது. அவர் 1997-இல் இறந்தார்.

இதைச் சொல்லி முடிக்கும்வரை அக்கா வகுப்பெடுக்கும் குரலிலேயே இருந்தார். பிறகு, “எங்கட ஊரிலும் விமானத்தளம்தான்” என்றார். பலாலி ஓடுதளமும் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷார் போட்டது. 1990 ஜூனில் அதைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு ஊர்கள் காலியாகி, உயர்பாதுகாப்பு வலயம் என்ற வேலிக்குள் போயின. மயிலிட்டி அதில் ஒன்று. அந்தக் காலத்தில் இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் அதற்கும் இடம் இருந்தது. அக்கா பிறந்தது அதற்கு மறு ஆண்டு, இடம்பெயர்ந்த வீட்டில். அப்பா கடலுக்குப் போகிறவர். பிறகு அடுத்தவர் துறையில், அடுத்தவர் படகில். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தைத் திறந்துவிட்டபோது போய்ப் பார்த்தாராம். வீட்டுக் கிணறு இருந்தது, வீடு இல்லை. அப்பா நேராகக் கரைக்குப் போய்க் கடலைப் பார்த்து, மணல் இடம் மாறிவிட்டது என்றாராம். துறைமுகத்துக்குள் நுழையும் பாதையில் முன்பு இல்லாத இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது.

“அதனாலா கரையோர அறிவியல்?” என்று கேட்டேன்.

“சும்மா இரும் தம்பி. உதவித்தொகை கிடைத்தது, வந்தேன்” என்றார்.

எனக்கு அந்தப் பதிலில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் வற்புறுத்தவில்லை. புல்தரையின் குறுக்கே போகும் பாதையில் நடந்து, விமானம் எதுவும் வருகிறதா என்று இருபுறமும் பார்க்கச் சொல்லும் அறிவிப்புப் பலகையைத் தாண்டி, கழிமுகத்தின் சேற்றோரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். வழியில் நல்ல காப்பி கிடைத்தது. இந்த ஊரில் மோசமான காப்பி கிடைப்பது கஷ்டம்.

அதற்குப் பிறகு ராக்லன் எனக்குப் பழக்கமான ஊராகிவிட்டது. பெட்ரோல் நிலையத்துச் சம்பளத்தில் பயன்படுத்திய வெட்சூட் ஒன்று வாங்கினேன். முழங்காலில் ஓர் ஒட்டு, மற்றபடி பழுதில்லை. அதை வீட்டுக் குளியலறையில் காயப்போடக் கூடாது என்று உடன்வசிப்பவர்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். ஙாருநுயியில் நுரையை விட்டு, உடையாத பச்சை அலையைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறேன். மனு பேயில் இறங்க அக்கா இன்னும் அனுமதி தரவில்லை. அந்தக் கற்களைப் பார்த்தபின் நானும் அவசரப்படவில்லை. வாரநாள் இரவில் பாடத்தைத் திறப்பதற்கு முன் முன்னறிவிப்பைத் திறக்கும் வியாதி தொற்றிக்கொண்டது. வரும் சனிக்கிழமை 7 விநாடி, கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் வடமேற்குக் காற்று. போகாதே என்கிறார் அக்கா. சரி, துணி துவைக்க வேண்டியிருக்கிறது.